இரண்டு டிஸ்க்கும் ஒரு மலையும்

ஹட்டனில் காய்ச்சலுக்குப் பெனடோல், கம்ப்யூட்டருக்கு ஃபோமெட். இந்த இரண்டு வைத்தியமும் தெரியாத ஆள் டவுனிலேயே கிடையாது. திரை நீலமாகிவிட்டதா, ஃபோமெட். மெதுவாக ஓடுகிறதா, ஃபோமெட். பிள்ளை எதையோ போட்டு வைரஸ் ஏறிவிட்டதா, அதற்கும் அதேதான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு, புது விண்டோஸ் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, சோமசுந்தரம் முதலாளியின் புடவைக் கடை மாடியில், ஒரு மேசை போட்டு ஏழு வருடமாகக் கம்ப்யூட்டர் திருத்துகிற ஷாமிலாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

அதை விட்டது மரியரட்ணம் மாஸ்டரால். அவருடைய பழைய லப்டொப்புக்கு அவள் விண்டோஸ் போட்டுக் கொடுத்தபோது, செத்துப்போன அவர் மனைவி கோயிலில் பாடியதெல்லாம் அதற்குள் இருந்தது, எல்லாம் போய்விட்டது. மனுசன் ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "பரவால்ல மகள், நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் ஷாமிலா முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உள்ளே என்ன இருக்கிறது?

மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை, உரப்பையில் சுற்றிய பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் படியேறி வந்தார்கள். ஒருவன் பிரதீபன், பூண்டுலோயாப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். கூட வந்தவள் ஜீவராணி, வெள்ளக்கல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். பெட்டியை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, சேலை முழுக்கத் துரு.

வெள்ளக்கல் என்றதும் ஷாமிலா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டாள். எட்டு நாளைக்கு முன்னால் அந்த மலை சரிந்து தொழிலாளர் வீட்டு வரிசைகளான மூன்று லயங்களை வாரிக்கொண்டு போனது ஊர் உலகத்துக்கே தெரியும்.

ஷாமிலா தன் கேள்வியைக் கேட்டாள்.

"முக்கியமா ஒண்ணும் இல்ல தங்கச்சி," என்றான் பிரதீபன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆன் பண்ணுனா விண்டோஸே வர மாட்டேங்குது. அப்புடியே ஃபோமெட் பண்ணிப் புதுசாப் போட்டுருங்க."

ஜீவராணி வெடுக்கென்று திரும்பினாள்.

"என்னா சேர் இப்புடி சொல்றீங்க? என் வீட்டுக்காரரு எங்க கெடக்காருன்னு இதுக்குள்ளதான் இருக்குன்னு எங்க தோட்டத்து சோலைமலை அண்ணன் சொன்னாரே! மண்ணு தோண்டுற ஆமிக்காரங்களும் அதத்தான கேட்டாங்க?"

"எல்லாம் தண்ணியில நனைஞ்சு போச்சுக்கா. இனிமே எதுவும் வராது. சும்மா நம்பிக்கை குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"வருதா வரலையான்னு பார்க்கிறது என் வேல சேர்," என்றாள் ஷாமிலா. குரல் கொஞ்சம் சூடாகத்தான் வந்தது. "அக்கா, நீங்க உக்காருங்க. என்னா நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லுங்க."

ஜீவராணி சொன்னாள். சரிவில் புதைந்தவர்களில் மற்ற எல்லோரையும் எடுத்தாகிவிட்டது, அவள் புருசன் நல்லமுத்துவை மட்டும் காணவில்லை. அன்றைக்கு அவள் மகளுக்குப் பிள்ளைப்பேறு, அதனால் முதல் நாள் இரவே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இவர் காலையில் வருகிறேன் என்று லயத்துக் காம்பரா வீட்டில் தங்கிவிட்டார். இப்போது லயம் எது, வழி எது, தண்ணீர்ப் பீலி எது என்று அங்கே ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே சேறு. ஆளாளுக்கு இங்கே இங்கே என்று கை காட்டினார்கள், காட்டின இடமெல்லாம் தோண்டியாகிவிட்டது. நாளைக்குச் சாயந்தரத்தோடு மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் வேறு ஊருக்குப் போகிறது. அதற்குப் பிறகு யார் அங்கே மண்ணைத் தொடப் போகிறார்கள்?

"சேரு மழைக்கு முந்தி ட்ரோன் உட்டு முழு மலையையும் படம் புடிச்சாரு மிஸ். வீட்டுக் காணி அளக்கிறதுக்கு. அதுல எங்க காம்பரா நின்ன எடம் இருந்தா, மண்ணு எந்தப் பக்கம் தள்ளியிருக்குன்னு ஆமிக்காரங்க கணக்குப் பார்த்துக்குவாங்களாம். அந்த எடத்த மட்டும் எடுத்துக் குடுத்துருங்க மிஸ். புண்ணியமாப் போகும். அவர வெறும் சேத்துக்குள்ள உட்டுட்டு நான் எப்புடி சோறு திங்கிறது?"

போனில் பார்க்கிற வரைபடத்தில் இல்லையா என்று கேட்டாள் ஷாமிலா. அதில் வெள்ளக்கல் இருக்கிற இடம் வெறும் மேகமாக இருந்தது. ட்ரோனின் மெமரி கார்டைப் பிரதீபன் அடுத்த வேலைக்காக அழித்துவிட்டிருந்தான். ஆக, மிச்சம் இருப்பது இந்தப் பெட்டி மட்டும்தான்.

சாதாரணப் பெட்டி இல்லை அது. ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றாகத் தைத்து ஒரே மலையாக ஆக்குவதற்கென்று, லயத்து ஆட்களுக்காகக் காணி வேலை செய்கிற ஒரு சங்கம் பிரதீபனுக்கு வாங்கிக் கொடுத்த மெஷின். நாலு ரேம் மெமரி, இரண்டு பெரிய டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு. ஷாமிலா பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே பார்த்ததும் "ஐயையோ" என்று அவளையறியாமல் வாயில் வந்துவிட்டது. ஃபேன், கம்பி, மெமரி என்று எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று படிந்திருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். தேயிலை வாசம்.

"இத எங்க வச்சிருந்தீங்க?"

"தோட்டத்து ஸ்டோர்ல ஒரு ரூம் குடுத்துருந்தாங்க. மழையில கூரை ஒழுகி நனைஞ்சிருச்சு. அப்ப ஸ்டோர்ல வேல செய்ற சோலைமலை அண்ணன்…" பிரதீபன் நிறுத்தினான்.

மிச்சத்தைச் சொல்லவே தேவையில்லை. தேயிலை ஃபெக்டரியை ஸ்டோரு என்று சொல்கிற மலைநாட்டில், எது நனைந்தாலும் அது ஸ்டோருக்குத்தான் போகும். பள்ளிக்கூடப் புத்தகம், கம்பளி, பச்சைப்பிள்ளைத் துணி, கல்யாணப் பட்டுச் சேலை எல்லாம் தூள் காயவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் சலசலவென்று காய்ந்துவிடும். சோலைமலையும் நல்லது நினைத்துத்தான் செய்தார். நாலு நாள் அந்தச் சூட்டில் வைத்துவிட்டார். தேயிலையோடு பறக்கிற பஞ்சுத் தூசி நாலு நாளும் இதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல மனசு ஒரு மெஷினை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தூரிகையால் மேலாகத் தூசி தட்டிவிட்டு, விண்டோஸ் இருக்கிற பென் டிரைவைச் சொருகி மெஷினைப் போட்டாள். லோகோ வந்து சுற்றியது, நின்றுவிட்டது. மறுபடி போட்டாள். இம்முறை மொழியைக் கேட்கிற இடம் வரைக்கும் வந்து நீலமானது. மூன்றாம் முறை லோகோவே வரவில்லை.

"பார்த்தீங்களா? சரிவராது தங்கச்சி," என்றான் பிரதீபன்.

"ஒரே எடத்துல நின்டா பென் டிரைவ்ல பிழையின்னு சொல்லலாம். எடம் மாறி மாறி நிக்குதே சேர். அப்புடின்னா மெமரி."

நாலு மெமரியையும் கழற்றினாள். தங்க நிறத்தில் மினுங்க வேண்டிய பற்கள் கறுத்துப்போய்க் கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் ஒவ்வொன்றையும் மெல்லத் தேய்த்தாள், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், அவை சொருகுகிற பள்ளங்களில் காற்றடித்தாள். பிறகு ஒரே ஒரு மெமரியை மட்டும் போட்டுச் சோதனை ஓடவிட்டாள். தேறியது. இரண்டாவதும் தேறியது. மூன்றாவதைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு. அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நாலாவது பிழையில்லை. இதற்கே மத்தியானமாகிவிட்டது.

ஜீவராணி அந்த ஸ்டூலை விட்டு அசையவில்லை. ஷாமிலா வாங்கிவந்து கொடுத்த பனிஸ் ரொட்டியை மடியில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புடுங்கக்கா. பச்சத்தண்ணிகூடக் குடிக்காம இருக்கீங்க."

"தொண்டையில எறங்க மாட்டேங்குது மிஸ். நீங்க பாருங்க. நான் பேச மாட்டேன்."

மூன்று மெமரியோடு மறுபடி போட்டபோது இன்ஸ்டோலர் வழுக்கிக்கொண்டு ஓடியது. மொழி கேட்டது. விதிமுறை கேட்டது. விண்டோஸை எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்டு நின்றது. திரையில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் என்னவென்றே விளங்காத ஒரு துண்டு. மற்றது முழுக்க ஒதுக்கப்படாத இடம், அதாவது காலி.

"அதான் காலியா இருக்கே," என்றான் பிரதீபன். வேகமாகச் சொன்னான். "படமெல்லாம் போயிருச்சு. போட்டுருங்க. நெக்ஸ்ட் அமத்துங்க."

ஜீவராணி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

ஷாமிலாவின் கை மவுஸில்தான் இருந்தது. நூறு தடவை, ஆயிரம் தடவை அமத்திய பொத்தான் அது. ஆனால் ஒன்று இடித்தது. மழை வரும் வரைக்கும் ஒரு முழு மலையைச் சுமந்த மெஷினில், ஒரே அளவு டிஸ்க் இரண்டில் ஒன்று முழுக்கக் காலியாக எப்படி இருக்கும்? பதறாத காரியம் சிதறாது என்று அவளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு கையை எடுத்தாள். மெஷினை நிறுத்தி, பயோஸ் என்கிற அதன் ஆதி அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். மேலே தேதி ஜனவரி ஒன்று, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தினது.

"சேர், இந்த மெஷின்ல ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணாச் சேர்த்துத்தான வச்சிருந்தாங்க?"

"ஆமா. வேகமா ஓடணும்னு அப்புடித்தான் செஞ்சு குடுத்தாங்க."

"அத ஏன் மொதல்லயே சொல்லல?"

பிரதீபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விசயம் இதுதான். போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பெட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினுக்குத் தேதியையும் அமைப்பையும் நினைவில் வைத்திருப்பது அது. ஈரமும் சூடும் மாறிமாறிப் பட்டதில் அது செத்துவிட்டது. கூடவே, இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து ஒன்று என்பதையும் மெஷின் மறந்துவிட்டது. ஒரு கடிதத்தை வரிவரியாகக் கிழித்து, ஒற்றை வரிகளை ஒரு பெட்டியிலும் இரட்டை வரிகளை மற்றதிலும் போட்டால் எப்படியோ, அப்படித்தான் படங்கள் அந்த இரண்டு டிஸ்க்கிலும் பிரிந்து கிடந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் அர்த்தமில்லை. ஒன்றில் விண்டோஸ் போட்டிருந்தால் நல்லமுத்துவை அவள் இரண்டாம் தடவையும் புதைத்திருப்பாள்.

"அக்கா, அழாதீங்க. படம் போகல. உள்ளதான் இருக்கு."

ஜீவராணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். மெஷினைக் கும்பிட்டாளா, தன்னைக் கும்பிட்டாளா என்று ஷாமிலாவுக்குத் தெரியவில்லை.

பெட்டரி வாங்க அவள் படியிறங்கியபோது பிரதீபனும் பின்னாலேயே இறங்கினான். புடவைக் கடை வாசலில் வைத்து அவனை நேருக்கு நேராக மறித்தாள்.

"சேர், ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லுங்க. அந்தம்மா ஒரு பிணத்துக்காக எட்டு நாளா அலையிறாங்க. நீங்க காலையில இருந்து ஃபோமெட் ஃபோமெட்டுன்னு நிக்கிறீங்க. அதுக்குள்ள என்னா இருக்கு?"

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னான்.

"அந்த மலையில, லயத்துக்கு மேல, ஒரு கோடு இருந்துச்சு தங்கச்சி. தேயிலைக்கு நடுவுல, நீளமா. வீட்டுக் காணிக்குப் படம் போடுறப்ப ரோடு, பீலி, குறுக்கு எல்லாத்துக்கும் பேரு எழுதணும். கொழுந்து எடுக்கிறவங்க நடந்து நடந்து போடுற குறுக்கு வழி எல்லா மலையிலயும் இருக்குமே? நானும் லயத்துல பொறந்து வளர்ந்தவன்தான? குறுக்கு எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கும் குறுக்குன்னே எழுதிட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அது குறுக்கு இல்ல. வெடிப்பு. மலை சரிஞ்ச அன்னைக்கு அந்தக் கோட்டுலதான் பொளந்துச்சு. ரெண்டு கெழமைக்கு முந்தியே அது என் கண்ணு முன்னால இருந்துச்சு. நான் அதுக்குப் பேரு வச்சு சேவ் பண்ணிட்டுத் தூங்கப் போனேன்."

ஷாமிலாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதற்காக அந்தம்மாவின் புருசனையும் சேர்த்து அழிக்கப் பார்த்தாயா என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் அந்தக் கேள்வி உள்ளேயே அடங்கிவிட்டது. எட்டு நாளாக அவனும் தூங்கியிருக்க மாட்டான்.

"படத்த நான் எடுத்துத்தான் தீருவேன் சேர். அந்தம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

மேலே வந்து வேலையைத் தொடங்கினாள். பழைய விண்டோஸை எழுப்பிப் பார்க்க அவள் துணியவில்லை. பிழை திருத்துகிறேன் பேர்வழி என்று அது தானாக எதையாவது எழுதித் தொலைக்கும். ஆகவே இரண்டு டிஸ்க்கின் கம்பியையும் பிடுங்கினாள். அவளுடைய மேசையில் விற்பனைக்கிருந்த ஒரு சின்ன டிஸ்க்கின் உறையைப் பிரித்து மாட்டினாள். புது பெட்டரியைப் போட்டாள், தேதியைச் சரிசெய்தாள், டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கிற அமைப்பைப் பழையபடி திருப்பினாள். அந்தச் சின்ன டிஸ்க்கில் விண்டோஸ் ஏறத் தொடங்கியது. இருபது சதவீதம். நாற்பது. எழுபத்தொன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அப்போது பார்த்துக் கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டு அதுவும் கண்ணை மூடியது.

ஜீவராணி ஓவென்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். "போச்சா மிஸ்?"

"ஒண்ணும் ஆகலக்கா. உங்க டிஸ்க்கத் தனியா கழட்டி வச்சிட்டேன் பாருங்க. போனது என்னோட டிஸ்க்தான். திருப்பிப் போட்டா வந்துரும்."

கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும் ஆதியிலிருந்து மறுபடி ஏற்றினாள். இம்முறை ஏறி முடிந்தது. மெஷினை நிறுத்தி இரண்டு டிஸ்க்கையும் மாட்டிப் போட்டால், விண்டோஸுக்கு அவை கண்ணிலேயே படவில்லை. அதற்குரிய டிரைவரைத் தேடி இறக்கி ஏற்றினாள். திரை ஒருகணம் இருண்டு வெளுத்தது. இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகி, ஒரே பேரோடு வந்து நின்றது. உள்ளே ஒவ்வொரு தோட்டத்துப் பிரிவின் பேரிலும் ஒரு ஃபோல்டர். நாலாவது, வெள்ளக்கல். ஷாமிலா முதல் வேலையாக அதைத் தன் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தாள். பிறகுதான் திறந்தாள்.

படம் திரை முழுக்க விரிந்தது. பச்சைப் பசேலென்று, ஒரு கீறலும் படாத மலை. ஜீவராணி ஸ்டூலோடு முன்னால் நகர்ந்து வந்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே இருந்து பார்த்தால் எல்லா லயக் கூரையும் ஒரே தகரம், ஒரே துரு; காம்பராக்களுக்கு ஆள் பேர் போடுகிற வேலை வெள்ளக்கல்லில் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. பிறந்த இடத்தை அவள் ஒருநாளும் வானத்திலிருந்து பார்த்ததில்லையே.

"தெரியலியே மிஸ்… எங்களோடது எதுன்னு தெரியலியே…"

"அவசரமில்லக்கா. உங்களுக்குத் தெரிஞ்ச எடத்துல இருந்து வாங்க. வேல முடிஞ்சா எங்க இருந்து வீட்டுக்குப் போவீங்க?"

"மடுவக் கொட்டகையில கொழுந்த நிறுத்துட்டு." அவள் விரல் திரையில் தடவித் தேடியது. "இந்தா, இது மடுவம். இங்கருந்து பாலத்துப் பக்கம் ரோட்டால வரலாம். அது சுத்து. அதால வராம, இப்புடிக்கா மேல ஏறி, தேயிலைக்குள்ள…" விரல் மெல்ல ஊர்ந்தது. ஓர் இடத்தில் முகம் தெளிந்தது. "இந்தா வந்துருச்சு! குறுக்குன்னு எழுதியே இருக்கே! இந்தக் குறுக்கால வந்து, இந்தப் பட்டமரத்துக்கிட்ட எறங்குனா மொதலாவது லயம்… ரெண்டாவது… இதுதான். இதுல கடைசிக் காம்பரா. இதுதான் மிஸ், இதுதான் எங்க வீடு!"

பிரதீபன் எழுந்து நின்றான்.

"அக்கா," என்றான். "அது குறுக்கு இல்லக்கா. மலை வெடிச்ச வெடிப்பு. எனக்குத் தெரியல. நான் குறுக்குன்னு நெனச்சு எழுதிட்டேன். தெரிஞ்சிருந்தா எல்லாரையும் எறக்கியிருக்கலாம். அண்ணன் செத்தது என்னாலதான்க்கா."

ஜீவராணி விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. கீழே பஸ்காரன் பூண்டுலோயா பூண்டுலோயா என்று கத்துவது கேட்டது. அவள் அவனை ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் ஷாமிலா நினைத்தாள்.

"நாங்க அதுல நடந்தோமே சேர்," என்றாள் ஜீவராணி. "நாப்பது பேரு. முதுகுல கூடையோட. தீவாளி கழிச்சு ஒரு நாளு பார்த்தா தேயிலை வெலகி வழி மாதிரி இருந்துச்சு. யாரோ வெட்டி உட்டுருக்காங்கன்னு சந்தோசப்பட்டோம். காலுக்குக் கீழ இருந்தது எங்களுக்கே தெரியல. மேல இருந்து பார்த்த உங்களுக்கு எப்புடித் தெரியும்?" மூக்கை உறிஞ்சினாள். "அவருகிட்ட நாந்தான் சொன்னேன். புது வழி ஒண்ணு இருக்கு, அதால வந்தா சுருக்கா வந்துரலாம்னு. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல நானும் அதாலதான் எறங்குனேன்."

பிரதீபனுக்கு அழுகை வெடித்தது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நின்டு அழாதீங்க சேர். அந்த எடத்துக்கு நம்பரு இருக்குன்னு சொன்னீங்கள்ல, அத எடுங்க. பெக்கோ நாளைக்குப் போயிரும்."

பிரதீபன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கடைசிக் காம்பராவின் மேல் புள்ளி வைத்து, அதன் ஜிபிஎஸ் எண்களை எடுத்தான். ஷாமிலா அங்கே தோண்டுகிற வேலையைப் பார்க்கிற ஆமி கெப்டனுக்கு போன் போட்டு, சிங்களத்தில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் மறுபடி சரிபார்த்தாள். கடைசி பஸ்ஸில் இரண்டு பேரும் வெள்ளக்கல்லுக்குப் போனார்கள். மெஷின் ஷாமிலாவிடமே இருந்தது.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு போன் வந்தது. ஜீவராணி.

"கெடைச்சிட்டாரு மிஸ்." அந்தப் பக்கம் ஆட்கள் பேசுகிற சத்தமும் மெஷின் ஓடுகிற சத்தமும் கேட்டன. "இவ்வளவு நாளா தோண்டுன எடத்துல இருந்து ரொம்பத் தள்ளிங்க, ஓடைப் பக்கமா. போர்வையப் போத்துன மேனிக்கு இருந்தாரு. மொகம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பார்த்துட்டேன். இனி கவல இல்ல."

"அக்கா" என்று மட்டும் சொன்னாள் ஷாமிலா.

"ஒண்ணு கேக்கணும் மிஸ். சேருகிட்ட கேக்க மனசு வரல, அவரு அங்கிட்டு மண்ணுலயே உக்காந்துருக்காரு. அந்தப் பெட்டியில வேற தோட்டமெல்லாம் இருந்துச்சே. அந்த மலையிலயும் குறுக்குன்னு எழுதியிருக்காரா?"

ஷாமிலா போனை வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். தேடுகிற இடத்தில் அந்த ஒற்றைச் சொல்லை அடித்தாள். வெள்ளக்கல்லைத் தவிர ஏழு இடம் வந்தது. ஒன்றைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். பச்சைக்கு நடுவே கோடு. எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. இவற்றில் எது காலால் வந்தது, எது மண்ணால் வந்தது என்று எப்படிச் சொல்வது? அங்கே இருக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். நல்லவேளை, வீட்டுக் காணிக்கு எடுத்த படம் என்பதால், வேலை முடிந்த இந்தத் தோட்டங்களில் ஒவ்வொரு காம்பராவுக்கும் குடும்பத் தலைவரின் பேரும் போன் நம்பரும் போட்டிருந்தது.

முதல் நம்பரில் ஒரு கிழவர் எடுத்தார். "அந்தக் குறுக்கா? எங்கப்பா காலத்துல இருந்து இருக்கேம்மா," என்றார். இரண்டாவதும் பழசு. மூன்றாவதில், பள்ளிக்கூடம் கட்டினபோது வெட்டின வழி என்றார்கள். நாலாவது டயகமப் பக்கம். போனை ஒரு பொம்பிளை எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம், கூரையில் மழைச் சத்தம்.

"அக்கா, நான் ஹட்டன்ல இருந்து பேசுறேன். உங்க லயத்துக்கு மேல, தேயிலைக்குள்ள ஒரு குறுக்கு இருக்குதா?"

"ஆமாங்க, இருக்குதே."

"அது எப்ப இருந்துக்கா இருக்கு?"

"அதுவா? தீவாளிக்கு அப்புறம் புதுசா உழுந்துச்சுங்க," என்றாள் அந்தப் பொம்பிளை, சந்தோசமாக. "ரொம்ப வசதிங்க. இப்ப பீலிக்குப் போக அஞ்சே நிமிசம்."

ஷாமிலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. புள்ளைங்களத் தூக்குங்க. ஒரு சாமானும் எடுக்க வேணாம். லயத்துல இருக்கிற எல்லாரையும் கூப்புட்டுக்கிட்டு வெளிய வாங்க. இப்பவே வாங்க. போன வைக்காதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."